மைனஸ் ரெண்டு

"தம்பி, இது கரி மாதிரியே இல்லையே. சாம்பலால்ல தெரியுது."

கேமராவின் பின்திரையைக் குனிந்து பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் சொன்னது இதுதான். அவருக்குப் பின்னால் அப்போதுதான் பிரித்த கரிமூட்டம் கிடந்தது. வெயிலில் மின்னுகிற, ஈரம் பட்ட மாதிரியான அசல் கறுப்பு. என் திரையில் இருந்ததோ வெளிறிப்போன ஒரு சாம்பல்நிறக் குவியல். அவர் படத்தையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள காத்து போயிருச்சோ?"

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது புரியவில்லை. புரிய நான்கு வருடம் ஆனது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அம்மா பிறந்த ஊர் பரளச்சிப் பக்கம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலும் சுற்றிலும் விரிந்து கிடக்கிற வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் கண்மாய்க்குள்ளும் கரைமேலும் தானாக வளர்ந்து நிற்கிற சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். நிலத்தடித் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று எல்லோரும் திட்டுகிற மரம். பல வீடுகளில் அடுப்பு எரிய வைப்பதும் அதே மரம்தான். வெட்டி, அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு மூடி, மேலே மண் பூசி, தீ வைத்து, நாள்கணக்கில் காவல் இருந்து கரியாக்குவார்கள். விறகு எரியக்கூடாது, வேக வேண்டும். அதுதான் மூட்டத்தின் மொத்த வித்தை. மண்பூச்சில் விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனால், வெந்துகொண்டிருப்பது எரிய ஆரம்பித்துவிடும். பிரித்துப் பார்த்தால் கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். பல நாள் உழைப்பு ஒரு விரிசலில் போய்விடும்.

ஆகவே கரி சாம்பலாகத் தெரிந்தது அவருக்கு அழகியல் குறை இல்லை. ஒரு மூட்டமே வீணாகிப்போன காட்சி அது.

என் கையில் இருந்தது சாதாரணக் கேமரா அல்ல. ஒரு நல்ல பைக் வாங்கும் பணத்தைக் கொடுத்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய, செய்திப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்துகிற முதல்தர உடல். அதன் கையேடு பல நூறு பக்கம். நான் படித்தது முதல் நாற்பது பக்கமாக இருக்கலாம். இந்த மாதிரிக் கேமராவை வாங்குகிற நம்மில் பலர் பேசுவது எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், இருட்டில் எவ்வளவு பார்க்கும் என்பதைப் பற்றித்தான். விரலுக்கு எட்டுகிற தூரத்தில் சும்மா கிடக்கிற சில பொத்தான்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட மூன்று வசதிகளைப் பற்றியது. கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது: ஒருவரைச் சரியாகப் பார்க்கும் வழி என் விரலடியில் இருந்தும், சோம்பலால் நான் அதைத் தொடவில்லை என்றால், அது வெறும் தொழில்நுட்பப் பிழைதானா?

முதல் வசதி, கூட்டலும் கழித்தலும் போட்ட சிறிய பொத்தான். பெரும்பாலான கேமராக்களில் படமெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்.

கேமராவின் ஒளிமானிக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். வெயிலில் கிடக்கும் கரியா, நிழலில் கிடக்கும் வெள்ளை வேட்டியா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அது ஓர் அனுமானத்தோடு வேலை செய்கிறது: உலகத்தைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் அது நடுத்தரச் சாம்பல் நிறம். புகைப்படக்காரர்கள் பையில் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய மண்டல முறையின் நடு மண்டலமும் அதுதான். ஒளிமானியின் துல்லியமான அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், தத்துவம் ஒன்றுதான். இன்றைய கேமராக்கள் காட்சியைப் பல துண்டாகப் பிரித்து, முகம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து முடிவெடுக்கின்றன. ஆனாலும் சட்டகம் முழுக்கக் கரியைக் கொடுத்தால் அவையும் பெரும்பாலும் பழைய அனுமானத்துக்கே திரும்பும். "இவ்வளவு இருட்டாக உலகம் இருக்காதே, வெளிச்சம் போதவில்லை போல" என்று நினைத்துக்கொண்டு கூடுதல் ஒளியை உள்ளே விடும்.

கரி, விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். நாலை இரட்டித்தால் எட்டு. எட்டை இரட்டித்தால் பதினாறு. கிட்டத்தட்ட 18-க்கு வந்தாயிற்று. அதாவது கேமரா தேவையைவிட இரண்டு ஸ்டாப் அதிக ஒளியை உள்ளே விட்டிருக்கிறது. பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். உள்ளே போகக்கூடாத ஒன்று போயிருக்கிறது. அவர் தொழிலில் அது காற்று. என் தொழிலில் வெளிச்சம். விளைவு இரண்டிலும் சாம்பல்.

அந்தப் பொத்தானை அழுத்திச் சக்கரத்தை மைனஸ் ரெண்டுக்குத் திருப்பியிருந்தால் கரி கரியாக வந்திருக்கும். இரண்டு நொடி வேலை.

இந்தப் பொத்தானை நான் ஒரு வாக்குமூலமாகப் பார்க்கிறேன். ஒளிமானியை வடிவமைத்த பொறியாளர்களுக்குத் தங்கள் அனுமானம் தோற்கும் இடங்கள் தெரியும். பனியில் தோற்கும், கரியில் தோற்கும். 'எங்கள் சராசரி உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம், அப்போது இதைத் திருப்புங்கள்' என்று எழுதித் தந்த சீட்டு அது.

நானும் பொறியாளன்தான். எல்லாச் சராசரிகளும் இப்படிச் சீட்டு எழுதித் தருவதில்லை என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் பதிவுப் படிவம் ஒன்றை எழுதினேன். முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். எனக்கே கடைசிப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆனாலும் வடிவமைப்பில் அப்படி இருந்தது, நானும் அப்படியே எழுதினேன். பல மாதம் கழித்துத் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தபோது, கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வரிசை வரிசையாக ஒரு புள்ளி மட்டும் இருந்தது. நம் ஊர்க்காரர்கள். தாண்டிப் போக வேறு வழி இல்லாமல் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் பிழைப்பட்டியலில் அது இல்லவே இல்லை, ஏனென்றால் யாரும் புகார் சொல்லவில்லை. சராசரிக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் புகார் சொல்வதில்லை. புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புகைப்படத்தின் வரலாற்றிலும் இந்தப் புள்ளிகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வண்ணப்படக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே ஷெர்லி என்று பெயர் வந்துவிட்டது. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் அமுங்கிப்போவது அந்த ஏற்பாட்டுக்குள் பிழையாகவே தெரியவில்லை. இதை விரிவாக ஆய்வு செய்த கனடாவின் லோர்னா ராத், கோடாக்கில் வேலை பார்த்தவர்களிடம் பேசி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பழுப்பு நிறங்களை ஃபிலிம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்ற அழுத்தம் சாக்லேட் நிறுவனங்களிடமிருந்தும் மர நாற்காலி விற்பவர்களிடமிருந்தும் வந்ததாம். மனிதர்கள் புள்ளி வைத்தார்கள், சாக்லேட் புகார் கொடுத்தது.

இங்கே பொறுப்பு யாருடையது? பொறியாளரைக் கேட்டால் "பொத்தான் கொடுத்திருக்கோமே, கையேட்டுல போட்டிருக்கே" என்பார். புகைப்படக்காரரைக் கேட்டால் "ஆட்டோல இருந்துச்சு, கேமரா அப்படி எடுத்துருச்சு" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தில் சாம்பலாகிப்போனவர் இரண்டு பேருமில்லை, மூன்றாமவர். பிழையின் விலையைக் கொடுப்பவர் அவர். அவருக்குத்தான் அந்தப் பொத்தான் எட்டாது. தவறின் விலை யார் தலையில் விழுகிறதோ அவரிடம் தவறைத் திருத்தும் வழி இல்லாதபோது, அது வெறும் தொழில்நுட்ப விஷயமாக இருப்பதில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த இடத்தில் அக்கறையின்மையும் ஒரு செயல்தான்.

இரண்டாவது வசதி, மௌன ஷட்டர். கண்ணாடியும் திரையும் அசையாமல், உணரி மட்டுமே வேலை செய்யும். எந்தச் சத்தமும் வராது. அன்று காலையிலிருந்து நான் அதில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். 'இயல்பு' கெடக்கூடாது என்பதற்காக. பெரியவர் திரையைத் தள்ளிப் பார்த்தபோது அவருடைய படமும் வந்தது. மேல்சட்டை இல்லாமல், தலையில் துண்டு, பின்னால் வெள்ளைப் புகையும் உச்சி வெயில் வானமும்.

"என்னையும் எடுத்திருக்கீகளா? சத்தமே கேக்கலயே."

"ஆமாங்கய்யா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்டையப் போட்டுருப்பேன்ல."

"இப்படித்தாங்கய்யா நல்லாருக்கு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரும் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போனார் என்று இப்போது தெரிகிறது.

கேமரா சத்தம் போடக்கூடாது என்பதற்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது வானில் ஓர் எரிநட்சத்திரம் மெல்ல நகர்ந்ததைத் தானும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் நம் வீடுகளில் மாட்டியிருக்கும் ரமணர் படம் அவர் எடுத்ததல்ல. 1946-ல் ஜி.ஜி.வெல்லிங் எடுத்தது. அதில் ரமணர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். தெரியாமல் எடுத்ததல்ல, அவரே தந்தது. பரளச்சியிலிருந்து திருச்சுழிக்குப் போகும்போதெல்லாம் இதை யோசிப்பேன். ஒளிந்து எடுத்தால்தான் உண்மை கிடைக்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? ஒரு மனிதர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் அவரைப் பற்றிய உண்மையில் ஒரு பகுதி இல்லையா?

ஜப்பானில் விற்கும் செல்போன்களில் படமெடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாதபடி வைப்பது வெகுகாலமாக வழக்கம். சட்டமல்ல, நிறுவனங்கள் தாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்கு. அந்தச் சத்தம் எடுப்பவருக்காக இல்லை. எடுக்கப்படுபவருக்காக. பழைய கேமராவின் 'க்ளக்' என்ற ஒலி, வடிவமைத்தவர்கள் நினைக்காமலே, எதிரில் இருப்பவருக்குச் சொல்லப்பட்ட ஒரு தகவலாக இருந்திருக்கிறது. அதை நாம் குறையாகப் பார்த்துச் சரிசெய்துவிட்டோம். கல்யாண மேடையிலும் பறவைக் கூட்டின் அருகிலும் மௌன ஷட்டர் ஒரு வரம்தான். வெளியே எறிய வேண்டியதில்லை. அதை எப்போதும் போட்டு வைக்கிற பழக்கம்தான் பிரச்சினை.

போன வருடம் ஓர் இரவு ஊரிலிருந்து போன் வந்தது. எனக்குத் தெரியாத குரல்.

"அண்ணே, கரிமூட்டத்துல படம் எடுத்தீகளாமே. எங்கப்பா அதுல இருப்பாருன்னாங்க. அப்பா தவறிட்டாருண்ணே. வீட்டுல படம்னு ஒண்ணுமில்ல, ஓட்டர் ஐடில இருக்கறதுதான். அதுல மூஞ்சியே தெரியல. ஃப்ளெக்ஸ் அடிக்கணும்."

பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றுக்கும் கேமரா வைத்த எண்கள்தான் பெயர். எத்தனை மணிக்கு, எந்த லென்ஸில், நொடியில் எத்தனையில் ஒரு பங்கு நேரம் என்பதெல்லாம் ஒவ்வொரு கோப்பிலும் இருந்தது. யார் என்பது மட்டும் எதிலும் இல்லை.

இங்கேதான் மூன்றாவது வசதி. செய்தியாளர்களுக்கான பல முதல்தரக் கேமராக்களில் பின்பக்கம் சின்னதாக ஒரு மைக் பொத்தானோ, அந்த வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளும் வசதியோ இருக்கும். படமெடுத்த பிறகு அதை அழுத்திக்கொண்டு பேசலாம். நிக்கானின் டி5 போன்றவற்றில் 60 நொடி வரை. பேசியது அந்தப் படத்தோடு சேர்ந்த ஒலிக்கோப்பாகப் பதியும். ஆட்டக்காரரின் பெயர், ஊர், நடந்தது என்ன என்று குறிப்பெடுக்க நேரமில்லாதவர்களுக்காகச் செய்தது. என் கேமராவிலும் அது இருந்தது. நான்கு வருடமாக என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. ஒருநாளும் அழுத்தவில்லை. "ஐயா, உங்க பேரு?" என்று கேட்க எனக்கு மைக்கூடத் தேவைப்பட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

மகனுக்கு எல்லாப் படங்களையும் சிறிதாக்கி அனுப்பினேன். ஒருமணி நேரத்தில் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பினார். முகம் கறுப்பாக அமுங்கிக் கிடந்த படம் அது. வானமும் புகையும் வெளுத்திருந்ததால், கேமரா இம்முறை எதிர்ப்பக்கமாகத் தவறி, ஒளியைக் குறைத்துவிட்டிருந்தது. கரியைச் சாம்பலாக்கிய அதே அனுமானம் மனிதரைக் கரியாக்கியிருந்தது.

"எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"கையப் பாத்துண்ணே. எடது கையில விரல் மடங்காது அவருக்கு."

ரா ஃபைலைத் திறந்தேன். 14 பிட் பதிவு என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 படிநிலைகள். திரையில் கறுப்பாகத் தெரிவதற்குள்ளும் நிறையப் பதிந்திருக்கும். நிழல்களை மெல்ல மேலே தூக்கத் தூக்க, முதலில் நெற்றி வந்தது, பிறகு மூக்கு, பிறகு இரண்டு கண்கள். மணல் தூவிய மாதிரி இரைச்சலோடு, ஆனால் அவரேதான். உணரி அன்றே அவரைப் பார்த்திருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

படத்தை அனுப்பி வைத்தேன். மறுநாள் ஊர் ஸ்டூடியோவில் செய்த ஃப்ளெக்ஸ் டிசைனை மகன் வாட்ஸாப்பில் அனுப்பினார். பெரியவருக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த புகை போய் நீல வானமும் தாமரையும் வந்திருந்தன. என் உள்ளே இருந்த கலைஞன் பதறிப்போனான். அந்தப் புகை, அந்த வெற்று மார்பு, அந்த வெயில், எல்லாம் போய்விட்டது. 'சட்டை வேண்டாம்பா, அப்படியே போடுங்க' என்று டைப் செய்து, அனுப்பும் இடத்தில் விரலை வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்டையப் போட்டுருப்பேன்ல.

செய்தியை அழித்தேன். உண்மையைப் பதிவு செய்தது என் கேமராவா, அந்த ஸ்டூடியோக்காரரின் ஃபோட்டோஷாப்பா? ஒளியைப் பொறுத்தவரை என்னுடையது. அந்த மனிதரைப் பொறுத்தவரை ஸ்டூடியோக்காரருடையது என்றுதான் சொல்வேன். நான்கு வருடத்துக்கு முன் அவர் கேட்டதை நான் சிரித்துத் தள்ளினேன். முகம் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அதை நிறைவேற்றிவிட்டார்.

'ஒரு பொத்தானை அழுத்தாததற்கு இவ்வளவு பெரிய நீதி விசாரணையா?' என்று கேட்கலாம். நியாயம்தான். எல்லாப் பொத்தானையும் சரியாகத் திருப்பிவைத்துக்கொண்டு ஒரு மனிதரை அவமதிக்கவும் முடியும். ஒன்றையும் தொடாமல் பத்து ரூபாய் ஃபிலிமில் ஒருவரை மரியாதையோடு எடுக்கவும் முடியும். அக்கறை சக்கரத்தில் இல்லை. ஆனால் சக்கரத்தைத் தொடாத அக்கறையும் அடுத்தவருக்குப் பயன்படுவதில்லை. எனக்கு அன்று அந்தப் பெரியவர் மேல் பிரியம்தான் இருந்தது. அந்தப் பிரியத்தோடுதான் அவர் கரியைச் சாம்பலாக்கினேன், அவர் முகத்தை இருட்டாக்கினேன், அவர் பெயரைக் கேட்காமல் வந்தேன்.

யோசித்துப் பார்த்தால், அன்று என் கேமராவில் சரியாக வேலை செய்த ஒரே வசதி அதன் பின்திரைதான். அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டியதால்தான் ஒளிமானியின் தவறு, மௌன ஷட்டரின் தவறு, என் தவறு மூன்றும் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தன. பொத்தான் எட்டாத மூன்றாமவருக்கு எட்டுகிற ஒரே இடம் அது. நான்தான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மறுபடி மூட்டத்துக்குப் போனேன். ஷட்டர் சத்தத்தைப் போட்டுவைத்தேன். சக்கரம் மைனஸ் ரெண்டில். கரி அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டு, அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றபின் எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினேன். கரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். மைக்கை அழுத்தி, பேர் சொல்லச் சொன்னேன்.

"எம்பேரு மட்டும் போதுமா, எங்கய்யா பேரும் சொல்லணுமா?"

"எப்படி வேணுமோ அப்படிச் சொல்லுங்கம்மா."

தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயர், கட்டிக்கொடுத்த ஊர், மூட்டை என்ன விலை போகிறது, வியாபாரி எடையில் எவ்வளவு கழிக்கிறார், இருமலுக்கு எங்கே மருந்து வாங்குகிறார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அறுபதாவது நொடியில் கேமரா தானாகப் பதிவை நிறுத்திக்கொண்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.